விட்டுப் போகிற பையன் துரோகியா? (அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் இழை. ஒஹாயோ ஸ்டேட் – மிச்சிகன் சண்டை வரும், தெரிந்தேதான் திறக்கிறேன்)

#1 கொலம்பஸ்வாசி | சனி, காலை 7:40

2025 ஜனவரி 10 இரவு காட்டன் பவுல் அரையிறுதியைப் பார்த்தவர்களுக்கு அந்த ஓட்டம் மறந்திருக்காது. ஆட்டம் முடிய இரண்டு நிமிடம் சொச்சம். நாங்கள் (ஒஹாயோ ஸ்டேட்) 21, டெக்சாஸ் 14. எங்கள் கோட்டுக்கு எட்டு யார்டு தூரத்தில் டெக்சாஸ், நான்காவது டவுன், அதாவது கடைசி வாய்ப்பு. அவர்கள் குவார்ட்டர்பேக் (பந்தை வீசி ஆட்டத்தை நடத்துபவன்) க்வின் யூவர்ஸ் பந்தை வீசக் கையை உயர்த்தியபோது எங்கள் ஜாக் சாயர் பாய்ந்து தட்டிவிட்டான். எகிறிய பந்தைத் தானே அள்ளிக்கொண்டு 83 யார்டு ஓடி டச் டவுன். 28-14. அதோடு சரி.

நான் போட்ட சத்தத்தில் தூங்கிக்கொண்டிருந்த மகள் எழுந்து வந்துவிட்டாள். "அந்த ஆளை ஏம்பா திட்டுறே?" என்றாள். ஆமாம், சாயரைப் பாராட்டுவதை விட்டுவிட்டு யூவர்ஸைத் திட்டிக்கொண்டிருந்தேன். "அவன் நம்மை விட்டு ஓடினவன்" என்றேன். சொல்லும்போதே கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

தெரியாதவர்களுக்கு: யூவர்ஸ் 2021-ல் எங்கள் அணிப் பையன். சாயரும் அவனும் இங்கே ஒரே அறையில் தங்கியவர்கள். நாட்டிலேயே முதல் இடத்தில் வைக்கப்பட்ட குவார்ட்டர்பேக். டெக்சாஸில் பள்ளி மாணவன் தன் பெயரை வைத்துக் காசு பார்க்கக்கூடாது என்று விதி இருந்ததால், பள்ளியின் கடைசி வருடத்தையே தாண்டிக் குதித்து இங்கே வந்தான். கையெழுத்துப் போட்டுத் தர 14 லட்சம் டாலர் ஒப்பந்தம் என்று அப்போது செய்தி வந்தது. இங்கே ஆடியது எவ்வளவு? மிச்சிகன் ஸ்டேட் ஆட்டத்தில் இரண்டே இரண்டு ஸ்னாப், அதாவது இரண்டு முறைதான் பந்து கைக்கு வந்தது. இரண்டிலும் பந்தைப் பக்கத்திலிருந்தவன் கையில் கொடுத்தான். டிசம்பரில் மூட்டை கட்டிக்கொண்டு டெக்சாஸ் போய்விட்டான். முன்னால் எங்கள் முதல் குவார்ட்டர்பேக் ஸ்ட்ராவுட் இருக்கும்போது அவன் காத்திருந்து என்ன ஆகப்போகிறது?

சரி, அந்த இரவு எங்கள் பக்கம் ஆடியவர்கள் யார்? குவார்ட்டர்பேக் வில் ஹவர்ட், கான்சஸ் ஸ்டேட்டிலிருந்து வந்தவன். ஜட்கின்ஸ், ஓல் மிஸ். கேலப் டவுன்ஸ், அலபாமா. பத்து நாள் கழித்து நோட்டர் டேமை 34-23 என்று வென்று கோப்பை தூக்கியபோது இந்த மூவருக்கும் கை வலிக்கத் தட்டினேன். எங்களிடமிருந்து போனால் ஓடுகாலி, எங்களிடம் வந்தால் பிள்ளை.

2025 ஜூன் 6-ல், கல்லூரி ஆட்டக்காரர்களுக்குப் பணம் கேட்டுப் போட்ட ஹவுஸ் வழக்கின் ஒப்பந்தத்துக்கு நீதிபதி வில்கன் ஒப்புதல் கொடுத்துவிட்டார். ஜூலை 1 முதல் பல்கலைக்கழகமே பையன்களுக்கு நேரடியாகப் பணம் கொடுக்கலாம், முதல் வருடம் ஒரு பல்கலைக்கு 2 கோடியே 5 லட்சம் டாலர் வரை. இனி "கல்லூரிப் பற்று" என்று நாம் சொல்வதற்கு என்ன பொருள்?

மிச்சிகன்காரர்களும் வரலாம். செருப்பை வாசலில் விட்டுவிட்டு வரவும்.

#2 ஆன்ஆர்பர் மாமா | சனி, காலை 8:02

வாசலிலேயே நிற்கிறேன்.

42-27. 45-23. 30-24. 13-10.

2021 முதல் நான்கு வருடம் தொடர்ந்து உங்களை வென்ற எண்களை ஞாபகப்படுத்திவிட்டுப் போகலாம் என்று வந்தேன். அந்தக் கடைசி ஆட்டத்துக்கு உங்கள் அணியின் விலை சுமார் 2 கோடி டாலர் என்று உங்கள் அதலெடிக் டைரக்டரே (விளையாட்டுத் துறைத் தலைவர்) சொன்னது. நாங்கள் ஆறு வெற்றி, ஐந்து தோல்வியோடு உங்கள் ஊருக்கு வந்தோம்.

#3 கொலம்பஸ்வாசி | சனி, காலை 8:05

வெந்த புண் மாமா. கோப்பை மட்டும் எங்கள் அலமாரியில் இருக்கிறது, வந்தால் காட்டுகிறேன். கேள்விக்குப் பதில் சொல்லுங்கள்.

#4 சின்சி_புதுசு | சனி, காலை 9:30

நான் போன ஆகஸ்டில்தான் எம்எஸ் படிக்க வந்தேன். இழையில் பாதி புரியவில்லை. கல்லூரிப் பையன்கள் ஆட்டத்துக்கு ஒரு லட்சம் பேர் வருகிறார்கள் என்று ரூம்மேட் சொன்னபோது கதை விடுகிறான் என்று நினைத்தேன். ரெக்ரூட்டிங் என்கிறார்கள், போர்ட்டல் என்கிறார்கள், ஃபிளிப் என்கிறார்கள். யாராவது பொறுமையாகச் சொல்வீர்களா? ஐபிஎல் ஏலம் மாதிரியா?

#5 ஹண்ட்ஸ்வில் அக்கா | சனி, காலை 10:15

தம்பி, கதை இல்லை. மிச்சிகன் ஸ்டேடியத்தில் 1,07,601 பேர் உட்காரலாம், கொலம்பஸில் 1,02,780. இந்த நாட்டின் தொழில்முறை லீகில்கூட அவ்வளவு பெரிய மைதானம் எந்த அணிக்கும் கிடையாது.

ஏலம் மாதிரி இல்லை. ஏலத்தில் விலை எல்லோர் காதிலும் விழும், அணிக்கு உச்சவரம்பு இருக்கும், ஆட்டக்காரன் எந்த அணி வேண்டும் என்று கேட்க முடியாது. இங்கே எல்லாம் தலைகீழ். பையன் பத்தாவது, பதினொன்றாவது படிக்கும்போதே கோச்சுகள் பின்னால் அலைய ஆரம்பிப்பார்கள். வீட்டுக்கு வந்து அம்மா சமைத்ததைச் சாப்பிட்டுவிட்டு ரொம்ப நன்றாக இருக்கிறது என்பார்கள். இரண்டு மூன்று இணையதளங்கள் பையன்களுக்கு நட்சத்திரம் போடும். ஐந்து நட்சத்திரம் வருடத்துக்கு முப்பது சொச்சம் பேருக்குத்தான். பையன் "உங்களிடம் வருகிறேன்" என்று வாயால் சொல்வது கமிட்மெண்ட். அதற்குச் சட்ட மதிப்பு எதுவும் கிடையாது, நிச்சயதார்த்தம் மாதிரி. டிசம்பர் முதல் புதன்கிழமை கையெழுத்து போடுவதுதான் தாலி. இரண்டுக்கும் நடுவில் வேறு பல்கலைக்கு மாறினால் ஃபிளிப்.

போர்ட்டல் அதற்குப் பிறகு வருவது. முன்பெல்லாம் கல்லூரி மாறினால் ஒரு வருடம் ஆடாமல் உட்கார வேண்டும், பழைய கோச்சிடம் அனுமதியும் வாங்க வேண்டும். 2018 அக்டோபரில் போர்ட்டல் என்ற பட்டியல் வந்தது. பேரைப் போட்டுக்கொண்டால் போதும், யாரும் உன்னை அழைக்கலாம். 2021-ல் ஒரு தடவை உட்காராமல் மாறலாம் என்றார்கள். 2024 முதல், படிப்பில் தேறினால் எத்தனை தடவை வேண்டுமானாலும். இதே 2021 ஜூலை 1 முதல் பெயரையும் படத்தையும் வைத்து வெளியில் சம்பாதிக்க அனுமதி, அதுதான் என்ஐஎல். பத்து நாள் முன்னால்தான் உச்ச நீதிமன்றம் ஆல்ஸ்டன் வழக்கில் ஒன்பதுக்குப் பூஜ்யம் என்று, கல்லூரி விளையாட்டை நடத்தும் என்சிஏஏ தலையில் குட்டியிருந்தது. இரண்டு கதவும் ஒரே வருடம் திறந்தன, காற்று அடிக்காமல் என்ன செய்யும்?

இப்போது என் வயிற்றெரிச்சல். 2024 ஜனவரி 10, எங்கள் அலபாமா கோச் சேபன் ஓய்வு என்று அறிவித்தார். அப்போதைய விதிப்படி கோச் போனால் பையன்களுக்கு முப்பது நாள் போர்ட்டல் திறந்தது. முதல் வருடத்திலேயே 107 தடவை எதிராளியை மடக்கிய எங்கள் கேலப் டவுன்ஸை கொலம்பஸ்காரர்கள் அள்ளிக்கொண்டு போனார்கள். சரியாக ஒரு வருடம் கழித்து அதே தேதியில் நீங்கள் டெக்சாஸை அடித்தீர்கள். வந்தாரை வாழவைக்கும் கொலம்பஸ்!

ஆனால் டவுன்ஸைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. அவன் சேபனிடம் கற்றுக்கொள்ள வந்தான். சேபன் போய்விட்டார். அப்புறம் அவன் எதற்கு இருக்க வேண்டும்? எனக்குச் சிரிப்பு வந்தது எங்கள் இடது டேக்கிள் (குவார்ட்டர்பேக்குக்குக் காவல் நிற்பவன்) காடின் ப்ராக்டர் விஷயத்தில்தான். அயோவாக்காரன். ஜனவரியில் சொந்த ஊர்ப் பல்கலைக்குப் போனான். மார்ச்சில் திரும்பி எங்களிடமே வந்துவிட்டான். மறுவீடு போன பெண்கூட இவ்வளவு சீக்கிரம் திரும்ப மாட்டாள்.

#6 நாக்ஸ்வில் நந்து | சனி, காலை 11:48

அக்கா பெருந்தன்மையாகப் பேசுகிறார். நான் பேச மாட்டேன். டென்னசிக்காரன் நான், எனக்கு ஏப்ரல் மாதம் இன்னும் ஆறவில்லை.

எங்கள் குவார்ட்டர்பேக் நிக்கோ இயமாலியாவா. கலிஃபோர்னியாவிலிருந்து பள்ளிப் பையனாக இருக்கும்போதே எங்கள் கலெக்டிவ் (ரசிகர்களிடம் பணம் திரட்டி ஆட்டக்காரர்களுக்குக் கொடுக்கும் அமைப்பு) 80 லட்சம் டாலர் அளவில் ஒப்பந்தம் போட்டது என்று ஊரெல்லாம் பேச்சு. அந்தப் பையனுக்காக எங்கள் மாநில அட்டர்னி ஜெனரல் என்சிஏஏ மேல் வழக்கே போட்டார், வர்ஜீனியாவையும் கூட்டுச் சேர்த்துக்கொண்டு. 2024 பிப்ரவரியில் தடை உத்தரவும் வாங்கினார். ஒரு மாநில அரசே முட்டுக்கொடுத்த பையன்! இரண்டாம் வருடம் எங்களை பிளேஆஃப் (கோப்பைக்கான கடைசிச் சுற்றுகள்) வரை கூட்டிப்போனான், நன்றி. அங்கே கொலம்பஸில் 42-17 வாங்கினோம், அதை விடுங்கள்.

வசந்தகாலப் பயிற்சி ஆட்டத்துக்கு முந்தைய நாள் பயிற்சிக்கு வரவில்லை. வாங்குவது 24 லட்சம், கேட்பது 40 லட்சத்தை ஒட்டி என்று செய்தி. கோச் ஹைப்பல் மறுநாளே கதவைச் சாத்திவிட்டார். பையன் யுசிஎல்ஏ போனான். அங்கே இருந்த குவார்ட்டர்பேக் ஜோயி அகிலார், பாவம், சில மாதம் முன்னால்தான் அப்பலாச்சியன் ஸ்டேட்டிலிருந்து வந்திருந்தான், அவன் கிளம்பி எங்களிடம் வந்துவிட்டான். இரண்டு வீட்டுக்காரர்கள் மாப்பிள்ளையை மாற்றிக்கொண்ட கதை.

இது துரோகம் இல்லையென்றால் எது துரோகம்?

#7 கிரீன்கார்டு வரிசை | சனி, பகல் 12:20

நந்து, ஒரு கேள்வி. நீங்கள் எத்தனை கம்பெனி மாறியிருக்கிறீர்கள்? நான் பதினொரு வருடத்தில் நான்கு. ஒவ்வொரு தடவையும் கையில் இன்னொரு ஆஃபரை வைத்துக்கொண்டுதான் மேனேஜரிடம் பேசப் போனேன். கொடுத்தால் இருப்பேன், இல்லாவிட்டால் கிளம்புவேன். இதற்கு நாம் "மார்க்கெட் ரேட்" என்று பெயர் வைத்திருக்கிறோம். இருபது வயதுப் பையன் செய்தால் துரோகமா? அதுவும் முழங்கால் ஒரு தடவை திரும்பினால் தொழிலே போய்விடும் பையன்.

பற்று என்று பேசுகிறவர்கள் கோச்சுகளைப் பாருங்கள். பிரையன் கெல்லி நோட்டர் டேமில் பன்னிரண்டு வருடம் இருந்தவர், பிளேஆஃப் வாய்ப்பு இன்னும் கைவிட்டுப் போகாத நேரத்தில் எல்எஸ்யு-வுக்கு (லூசியானா ஸ்டேட்) கிளம்பினார்: பத்து வருடம், 9.5 கோடி டாலர். அதே வாரம் லிங்கன் ரைலி ஓக்லஹோமாவிலிருந்து யுஎஸ்சி. டெக்சாஸ் ஏ அண்ட் எம் ஜிம்போ ஃபிஷரை வேலையை விட்டு அனுப்புவதற்கு மட்டும் 7.5 கோடிக்கு மேல் கொடுக்க ஒத்துக்கொண்டது. அனுப்புவதற்கு! எந்தப் பையனுக்காவது "நீ ஆட வேண்டாம், இந்தா பணம்" என்று யாராவது கொடுத்திருக்கிறார்களா?

பல்கலைக்கழகங்கள் மட்டும் என்ன? நூறு வருடப் பழமையான, மேற்குக் கரைப் பல்கலைகளின் கான்ஃபரன்ஸ் (அணிகளின் கூட்டு) பேக்-12 கலைந்து இரண்டே பேர் மிஞ்சினார்கள். பசிபிக் கரையில் இருக்கும் ஸ்டான்ஃபர்டும் பெர்க்லியும் இப்போது அட்லாண்டிக் கரை கான்ஃபரன்ஸில். டிவி பணத்துக்காகக் கடலையே மாற்றிக்கொண்டவர்கள் பையனுக்குப் பற்று சொல்லிக்கொடுக்கிறார்கள். மாமியார் உடைத்தால் மண்சட்டி, மருமகள் உடைத்தால் பொன்சட்டி.

பி.கு.: 600 டாலருக்கு மேற்பட்ட வெளி ஒப்பந்தம் எல்லாம் இனி டெலாய்ட் நடத்தும் தளத்தில் பதிந்து நியாய விலைதானா என்று சோதிக்கப்படுமாம். அங்கே வேலை பார்க்கும் நம்மவர்கள் யாராவது இந்த புராஜெக்டில் இருந்தால் இழைக்கு வரவும். கண் மட்டும் காட்டினால் போதும்.

#8 நாக்ஸ்வில் நந்து | சனி, பகல் 12:41

நான் வேலை மாறினால் ஒரு லட்சம் பேர் அழுவதில்லை. உங்கள் பெயர் போட்ட சட்டையை எந்தக் குழந்தையும் போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போகவில்லை. என் பையன் எட்டாம் நம்பர் சட்டையை மடித்து அலமாரியின் அடியில் வைத்தான். அதைப் பார்த்தவன் நான். மார்க்கெட் ரேட் என்று அவனிடம் சொல்லிப் பாருங்கள்.

#9 ஆன்ஆர்பர் மாமா | சனி, பிற்பகல் 2:10

நந்து சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் ஒன்று. எட்டாம் நம்பர் சட்டைக்காரன் தோற்றுக்கொண்டே இருந்திருந்தால் நாமே அவனைத் துரத்தியிருப்போம்.

எங்கள் பக்கத்து விஷயம் சொல்கிறேன், கொலம்பஸ்காரர் எப்படியும் கிளறுவார். பிரைஸ் அண்டர்வுட். பெல்வில் பையன், எங்கள் ஊரிலிருந்து கொஞ்ச நேர ஓட்டம்தான். நாட்டில் முதல் இடம். 2024 ஜனவரியில் எல்எஸ்யு என்று வாயால் சொன்னான். நவம்பர் 21-ல் ஃபிளிப். பணம் ஒரு கோடி டாலரைத் தாண்டும், ஆரக்கிள் லாரி எல்லிசன் வீட்டு உதவியும் உண்டு என்று செய்திகள். லூசியானாக்காரர்கள் எங்களைக் கொள்ளைக்காரர்கள் என்கிறார்கள். வீட்டு வாசலில் நிற்கும் பையனை வீட்டுக்குள் கூப்பிட்டதற்குக் கொள்ளை என்று பெயர்.

"ஊர்ப் பையன் ஊருக்குத்தான் ஆட வேண்டும்" என்று கொலம்பஸில் யாராவது ஆரம்பித்தால் இதையும் கேட்டுக்கொள்ளுங்கள். நாட்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரனுக்குத் தரும் ஹைஸ்மன் விருதை மிச்சிகன் ஆட்டக்காரர்களில் வாங்கியது மூன்று பேர். அதில் 1991-ல் டெஸ்மண்ட் ஹவர்ட், கிளீவ்லண்ட். 1997-ல் சார்ல்ஸ் உட்சன், ஃப்ரீமண்ட். இரண்டும் எந்த மாநிலம் என்று கொலம்பஸ்வாசி சொல்லட்டும்.

#10 கொலம்பஸ்வாசி | சனி, பிற்பகல் 3:25

ஒஹாயோ. சொல்லிவிட்டேன், சந்தோஷமா?

மாமா "நாமே துரத்தியிருப்போம்" என்றதைத்தான் காலையிலிருந்து நினைத்துக்கொண்டிருக்கிறேன். கைல் மெக்கார்டு ஞாபகம் இருக்கிறதா? 2023-ல் எங்கள் குவார்ட்டர்பேக். பதினோரு ஆட்டம் வென்றான். பன்னிரண்டாவது, உங்கள் ஊரில், கடைசி நிமிடத்தில் பந்தை உங்கள் ஆள் பிடித்துவிட்டான். அதற்கப்புறம் இந்த ஊரில் அந்தப் பையனைப் பற்றி எழுதியதை என் மகள் படிக்கக்கூடாது. நானும் எழுதியிருக்கிறேன், இதே தளத்தில், தேடினால் கிடைக்கும். ஒன்பது நாளில் போர்ட்டலில் பேர் போட்டான். சிராக்யூஸ் போய் 4,779 யார்டு வீசினான், அந்த வருடம் நாட்டிலேயே அதிகம். அவனை யாரும் ஓடுகாலி என்று சொல்லவில்லை. போய்த் தொலைந்தான் என்றுதான் சொன்னோம். ஆக நமக்குப் பிடித்தவன் போனால் துரோகம், பிடிக்காதவன் போனால் நிம்மதி. இதில் பற்று எங்கே இருக்கிறது?

இன்னொன்று உறுத்துகிறது. 2010-ல் டெரெல் ப்ரையரும் நான்கு பேரும் தங்கள் சொந்தப் பதக்கத்தையும் மோதிரத்தையும் கொடுத்துக் காசும் டாட்டூவும் வாங்கினார்கள். ஐந்து ஆட்டத் தடை. கோச் டிரெசல் போனார். அந்த வருட வெற்றிகளை ஏட்டிலிருந்து அழித்தார்கள். 2012-ல் பன்னிரண்டும் வென்றும் சீசன் முடிவில் வரும் பவுல் ஆட்டம் ஆட விடவில்லை. இன்று அதே பையன்கள் அதே டாட்டூக் கடைக்கு விளம்பரத்தில் நடித்திருந்தால் கடைக்காரர் செக் கொடுத்திருப்பார்.

#11 ஆன்ஆர்பர் மாமா | சனி, பிற்பகல் 3:40

ஒரு திருத்தம். டிரெசல் போனது டாட்டூவுக்காக அல்ல. விஷயம் மின்னஞ்சலில் தெரிந்த பிறகும் பல்கலையிடம் சொல்லாமல் அந்தப் பையன்களை ஆடவிட்டதற்கு. பையன்கள் மேல் எனக்கும் பரிதாபம்தான். பெரியவர் மேல் இல்லை.

#12 கொலம்பஸ்வாசி | சனி, பிற்பகல் 3:44

சரி, ஒத்துக்கொள்கிறேன். அப்படியே உங்கள் அணியின் கானர் ஸ்டாலியன்ஸ் என்று ஒருவர் எங்கெங்கே டிக்கெட் வாங்கி யார் யாருடைய சைகையைப் படம் பிடிக்க ஏற்பாடு செய்தார் என்பதையும் மாமா திருத்திச் சொல்லலாம்.

#13 நடுவர் | சனி, பிற்பகல் 3:52

சைகைத் திருட்டுக்குத் தனி இழை இருக்கிறது. அங்கே போங்கள். இங்கே தொடர்ந்தால் இருவர் பதிவும் போகும்.

#14 ப்ளூமிங்டன் பாலா | சனி, மாலை 5:15

பெரிய வீட்டுக்காரர்கள் சண்டையில் ஏழை வீட்டுக் குரல் ஒன்று. நாங்கள் இந்தியானா. 2023-ல் மூன்று வெற்றி, ஒன்பது தோல்வி. அப்போது எங்கள் ஊரில் ஃபுட்பால் என்பது பாஸ்கெட்பால் ஆரம்பிக்கும் வரை பொழுது போக்கும் வழியாக இருந்தது. ஐந்து நட்சத்திரப் பையன் எங்கள் பக்கம் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை.

புது கோச் சிக்னெட்டி வந்தார். கூடவே அவர் முன்பு இருந்த ஜேம்ஸ் மேடிசனிலிருந்து அவருடைய பையன்கள் பதின்மூன்று பேர். குவார்ட்டர்பேக் ரூர்க் ஒஹாயோ யுனிவர்சிட்டியிலிருந்து (ஸ்டேட் இல்லை, கொலம்பஸ்காரர் உரிமை கொண்டாட வேண்டாம்). 2024-ல் பதினோரு வெற்றி, பிளேஆஃப். பள்ளிப் பையன்களைப் பிடித்து வளர்த்து அந்த இடத்துக்குப் போக எங்களுக்கு இருபது வருடம் ஆகியிருக்கும். போர்ட்டல் கெட்டது என்கிறவர்கள் எப்போதும் மேலே இருந்தவர்கள்.

ஜேம்ஸ் மேடிசன் ரசிகனுக்கு எப்படி இருந்திருக்கும் என்று கேட்பீர்கள். கேளுங்கள். பதில் இல்லை என்னிடம்.

#15 வேகாஸ் வெங்கட் | சனி, மாலை 6:00

சொன்ன பணம் கைக்கு வராதவன் கதை இரண்டு. எங்கள் யுஎன்எல்வி-யில் மேத்யூ ஸ்லூகா, 2024 செப்டம்பர். மூன்று ஆட்டம், மூன்றும் வெற்றி. ஒரு லட்சம் டாலர் வாய்வார்த்தையாகச் சொன்னார்கள், வரவில்லை என்று பையன் தரப்பு. அப்படி எதுவும் இல்லை என்று பல்கலை தரப்பு. சீசன் நடுவில் போய்விட்டான்.

இன்னொருவன் ஜேடன் ரஷாடா. ஃப்ளோரிடாவுக்கு வந்தால் 1.385 கோடி டாலர் என்று ஒப்பந்தம், பணம் வரவே இல்லை. கோச் மேலும் மற்றவர்கள் மேலும் வழக்குப் போட்டான். அதற்குள் அரிசோனா ஸ்டேட், ஜார்ஜியா, 2025-ல் சாக்ரமெண்டோ ஸ்டேட்.

நந்து, யார் யாருக்குத் துரோகம்?

#16 மழைக்காலம் | சனி, இரவு 8:30

ரொம்ப நாளாகப் படிக்கிறேன், எழுதியதில்லை. கோடிகளைப் பற்றியே பேசுகிறீர்கள். பக்கத்து வீட்டில் ஒரு பையன், வாக்-ஆன். புதிதாக வந்த தம்பிக்காகச் சொல்கிறேன்: ஸ்காலர்ஷிப் இல்லாமல், தானே கட்டணம் கட்டிக்கொண்டு அணியில் இருப்பவன். முன்பு ஃபுட்பாலுக்கு 85 ஸ்காலர்ஷிப் உச்சவரம்பு. அதற்கு மேல் முப்பது, நாற்பது வாக்-ஆன் பையன்கள் இருப்பார்கள். இந்த ஒப்பந்தத்தில் ஸ்காலர்ஷிப் வரம்பை எடுத்துவிட்டு மொத்த அணிக்கே 105 பேர் என்று வைத்தார்கள். எண்ணிக்கையைப் பாருங்கள், யார் வெளியே விழுவார் என்று தெரியும்.

மூன்று வருடம் காலை ஐந்து மணிக்கு எழுந்து போனவன். எதிரணிபோல் ஆடிக் காட்டி மற்றவர்களைத் தயார் செய்வதுதான் அவன் வேலை. ஒரே ஒரு ஆட்டத்தில், ஏற்கெனவே வென்றுவிட்ட ஆட்டத்தில், கடைசி நான்கு நிமிடம் இறக்கினார்கள். அவன் அம்மா அந்த வீடியோவைத் தெருவில் எல்லோருக்கும் காட்டினார். எனக்கு இரண்டு தடவை. இந்த வசந்தத்தில் ஒரு போன், ஐந்து நிமிடம் ஆகவில்லை என்றார்.

நீதிபதி இதே விஷயத்துக்காகத்தான் ஏப்ரலில் கையெழுத்துப் போடாமல் நிறுத்தினார். அதற்கப்புறம் வெட்டப்பட்டவர்களைக் கணக்கில் சேர்க்காமல் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்று எழுதினார்கள். "எடுத்துக்கொள்ளலாம்", "எடுக்க வேண்டும்" இல்லை. அவனை யாரும் கூப்பிடவில்லை. பல்கலையின் பெயர் சொல்ல மாட்டேன், பெரிய பெயர்தான். அவன் இன்னும் அந்தத் தொப்பியைத்தான் போட்டுக்கொண்டு புல் வெட்டுகிறான்.

#17 நாக்ஸ்வில் நந்து | சனி, இரவு 8:50

…

இதற்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

#18 சாண்டியாகோ சித்ரா | சனி, இரவு 9:35

என் மகள் நீச்சல். பதினொன்றாம் வகுப்பு. கோச்சுகளோடு மின்னஞ்சல் நடந்துகொண்டிருக்கிறது. போன வருடம் வரை "எங்கள் அணிக்கு வா" என்று எழுதியவர்கள் இந்த வருடம் "பட்ஜெட் தெளிவான பிறகு பேசுவோம்" என்கிறார்கள். அந்த 2 கோடி புதிதாக வானத்திலிருந்து விழவில்லையே. பெரும்பகுதி ஃபுட்பாலுக்கும் ஆண்கள் பாஸ்கெட்பாலுக்கும் போகும், மற்றவர்கள் ஒதுங்கி நிற்க வேண்டும்.

இதில் வேடிக்கை, வழக்குக்குப் பெயர் கொடுத்த கிராண்ட் ஹவுஸ் ஒரு நீச்சல்காரர்.

பையன்கள் சம்பாதிக்கக்கூடாது என்று நான் சொல்லவில்லை. ஒரு லட்சம் டிக்கெட் விற்பது அவர்களால்தான். 2016 முதல் ஆடியவர்களுக்குப் பாக்கியாக 280 கோடி டாலர் கொடுக்க ஒத்துக்கொண்டதே, இத்தனை நாள் யார் வாங்கித் தின்றார்கள் என்பதற்கு ஒப்புதல் வாக்குமூலம். ஆனால் பில் எங்கள் மேசைக்கு வருகிறது.

#19 கிரீன்கார்டு வரிசை | சனி, இரவு 10:02

சித்ரா, மழைக்காலம் இருவரும் சொன்னதற்கு என்னிடம் சாமர்த்தியமான பதில் இல்லை. மார்க்கெட் என்றேன். மார்க்கெட்டில் விலை இல்லாதவனைப் பற்றி நான் யோசிக்கவில்லை. என் கம்பெனிகளிலும் நான் போன பிறகு என் வேலையைச் சேர்த்துப் பார்த்தவர் ஒருவர் இருந்திருப்பார்.

#20 சின்சி_புதுசு | ஞாயிறு, காலை 9:10

எல்லாம் படித்தேன். இரவு ஒரு மணி ஆகிவிட்டது. ஒரு சந்தேகம். எங்கள் சின்சினாட்டியில் கடை, பஸ், சலூன் எங்கே பார்த்தாலும், எங்கள் ஊர்த் தொழில்முறை அணியின் குவார்ட்டர்பேக் பரோவின் ஒன்பதாம் நம்பர் சட்டை. ரூம்மேட்டிடம் கேட்டேன், இந்த ஜோ பரோ எந்தக் காலேஜ் என்று. எல்எஸ்யு, 2019-ல் பதினைந்துக்குப் பதினைந்து, 60 டச் டவுன் பாஸ், ஹைஸ்மன் என்றான். அதற்கு முன்னால் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு "கொலம்பஸில் பெஞ்சில்" என்றான். நிஜமா?

#21 கொலம்பஸ்வாசி | ஞாயிறு, காலை 9:22

நிஜம் தம்பி. மூன்று வருடம் இருந்தான், டிகிரி முடித்தான், இன்னொரு குவார்ட்டர்பேக் ஹாஸ்கின்ஸுக்கு இடம் என்று தெரிந்ததும் 2018 மே மாதம் கிளம்பினான். பட்டம் வாங்கிவிட்டதால் அப்போதே உட்காராமல் ஆட முடிந்தது. அவனை நான் திட்டவில்லை. ஏன் திட்டவில்லை என்று இப்போதுதான் யோசிக்கிறேன். அவன் பெரிய ஆள் ஆவான் என்று நினைக்கவே இல்லை, அவ்வளவுதான்.

#22 ஆன்ஆர்பர் மாமா | ஞாயிறு, காலை 10:05

நடுவர் தூங்கும்போது சொல்லிவிடுகிறேன்: 2025 நவம்பர் 29, எங்கள் ஊரில் நம் இரண்டு அணிகளின் ஆட்டம். கொலம்பஸ்வாசி குடும்பத்தோடு வரவும். இட்லி என் வீட்டில், சட்னி நீங்கள் கொண்டு வாருங்கள், உங்கள் வீட்டுத் தக்காளிச் சட்னி பற்றி பழைய இழையில் படித்திருக்கிறேன். மகளுக்குத் தனி நாற்காலி. சிவப்புச் சட்டையோடு வந்தால் உங்களுக்கு மட்டும் காபி கிடையாது.

#23 கொலம்பஸ்வாசி | ஞாயிறு, காலை 10:11

வருகிறேன். ஃபிளாஸ்கில் என் காபியை நானே கொண்டு வருகிறேன். பெட்ரோலும் டொலிடோவிலேயே நிரப்பிக்கொள்வேன், உங்கள் மாநிலத்தில் ஒரு காசு செலவழிக்க மாட்டேன்.

அண்டர்வுட் அன்றைக்கு இருப்பானா, அதற்குள் வேறு எங்காவது போயிருப்பானா?

#24 ஆன்ஆர்பர் மாமா | ஞாயிறு, காலை 10:13

சட்னியை மறக்காதீர்கள்.